போர்டை நம்ப முடியாத ஊரில் நல்ல ஜெலாட்டோ கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக இத்தாலியின் பொலோன்யாவுக்குப் போகிறீர்கள். ரயில் நிலையத்துக்கு வடக்கே பொலோன்யீனா பகுதியில் அறை கிடைத்திருக்கிறது. 'எல்லா ஜெலாட்டோ (இத்தாலிய ஐஸ்கிரீம்) கடையிலும் ஆர்திஜனாலே, அதாவது கைவினைத் தயாரிப்பு என்று எழுதியிருக்கிறதாமே, அப்படியானால் நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, நான் முட்டை சாப்பிடுவதில்லை' என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாறு கடைப் பெயர்களை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் உங்கள் கேள்வி கடைப் பெயரைப் பற்றியது அல்ல என்று நினைக்கிறேன். போர்டை நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது என்பதுதான் கேள்வி. அதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பால்வளத் தொழில்நுட்பம் படித்தவன். எமிலியா-ரொமான்யா மாநிலத்தில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அதில் நான்கு ஆண்டுகள் பொலோன்யாவில் ஜெலாட்டோ கடைகளின் பின்கட்டில், அவர்கள் லபொராத்தோரியோ என்று சொல்லும் சின்ன அறையில் வேலை. இந்தத் தொழிலுக்கு அந்த ஊர் ஒரு தலைநகரம் மாதிரி. ஜெலாட்டோவைக் கடையும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவரான ஒத்தெல்லோ கத்தபிரீகா பொலோன்யாக்காரர். 1946-ல் தொடங்கிய கார்பிஜானி நிறுவனம் நகருக்கு வெளியே அன்சோலாவில் இருக்கிறது. இன்று உலகம் முழுக்க ஜெலாட்டோ கடைகளில் ஓடும் இயந்திரங்களில் பெரும்பங்கு அவர்களுடையது. 2012-ல் அங்கேயே ஒரு ஜெலாட்டோ அருங்காட்சியகமும் திறந்தார்கள். ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

முதலில் அந்தச் சொல். இன்னின்ன பொருளைப் போட்டுச் செய்தால்தான் 'ஆர்திஜனாலே' என்று எழுதலாம் என்ற வரையறை இத்தாலியச் சட்டத்தில் இல்லை. கடைக்குள்ளேயே இயந்திரத்தில் கடைந்து உறைய வைத்தால் அந்தச் சொல்லைப் போட்டுக்கொள்கிறார்கள். 'ப்ரொதுத்சியோனே ப்ரோப்ரியா', அதாவது சொந்தத் தயாரிப்பு என்பதும் அதே கதைதான். எங்கே உறைந்தது என்று அந்தச் சொற்கள் சொல்லும், எதிலிருந்து உறைந்தது என்று சொல்லாது. நான் முதலில் வேலை செய்த கடையிலும் வாசலில் பெரிய எழுத்தில் அதே போர்டுதான். உள்ளே என் வேலை என்னவென்றால், இரண்டு கிலோ பையைப் பிரித்து, பொடியை வெந்நீரில் கரைத்து, இயந்திரத்தில் ஊற்றுவது. பால் என்று தனியாக எதுவும் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. எட்டு மாதம் கழித்து வேறு கடைக்குப் போனபோதுதான், காலையில் வந்து இறங்கும் பாலைச் சுவைத்துப் பார்த்துவிட்டு அன்றைய கணக்கைத் திருத்தும் ஒரு மனிதரிடம் இந்தத் தொழிலைக் கற்றேன்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. 2003-ல் தொரீனோவில் தொடங்கிய குரோம் நிறுவனம் நல்ல மூலப்பொருட்களைத் தேடித் தேடி வாங்கிப் பெயர் எடுத்தது. ஆனால் கலவையை ஒரே இடத்தில் தயாரித்து எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினார்கள். கிளைகளில் கடைவது மட்டும்தான் நடந்தது. 2015-ல் அதை யூனிலீவர் வாங்கியது. அது கைவினையா, தொழிற்சாலைச் சரக்கா என்று இத்தாலிக்காரர்களே நிறைய சண்டை போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் பெரிய ஈடுபாடு இல்லை. கலவையில் என்ன இருக்கிறது, அதைச் சேர்த்தவருக்கு அது ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியுமா, இந்த இரண்டைத்தான் நான் பார்ப்பேன்.

கலவை என்றால் என்ன என்று ஒரு பத்தி சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பால், கிரீம், சர்க்கரை, கொழுப்பு நீக்கிய பால்பொடி, துளியளவு கெட்டிப்படுத்தும் பொருள். இவற்றைச் சேர்த்து 85 டிகிரி வரை சூடாக்கி, சட்டென்று 4 டிகிரிக்கு இறக்கி, சில மணி நேரம் ஊற விடுவார்கள். பிறகு இயந்திரத்தில் பத்து நிமிடம் போலக் கடைந்தால் ஏறக்குறைய மைனஸ் 8 டிகிரியில் ஜெலாட்டோ வெளியே வரும். நம் ஊர் ஐஸ்கிரீமை மைனஸ் 18-ல் வைக்கிறோம். இதைப் பரிமாறும் பெட்டி மைனஸ் 12 முதல் 14 வரைதான். கொழுப்பும் காற்றும் இதில் குறைவு. குளிர் குறைவாக இருப்பதால் நாக்கு மரத்துப்போகாது, கொழுப்பு குறைவாக இருப்பதால் வாயில் படலம் கட்டாது, அதனால் சுவை நேராக வந்து சேர்கிறது. கஷ்டமான பகுதி சர்க்கரைதான். சர்க்கரை இனிப்புக்கு மட்டுமல்ல, எவ்வளவு தண்ணீர் உறையாமல் இருக்கும் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. சாதாரணச் சர்க்கரையை மட்டும் போட்டால், மிருதுவாக வரும்போது திகட்டும், இனிப்பு சரியாக இருக்கும்போது கல்லாகிவிடும். அதனால் டெக்ஸ்ட்ரோஸ் மாதிரி வேறு சர்க்கரைகளையும் கலந்து சமன் செய்வார்கள். எலுமிச்சைக்கு ஒரு கணக்கு, சாக்லேட்டுக்கு இன்னொரு கணக்கு. பொடிப் பை வாங்குபவர் உண்மையில் வாங்குவது இந்தக் கணக்கைத்தான்.

சரி, கடை வாசலில் நின்று என்னவெல்லாம் தெரியும்? மலை மாதிரி குவித்து, மேலே பழத்தைச் செருகி வைத்திருந்தால் கடந்து போய்விடுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது சரிதான், காரணமும் இருக்கிறது. பெட்டியின் குளிர் தட்டின் விளிம்புவரைதான் நன்றாக நிற்கும். அதற்கு மேலே அரை அடி எழும்பி நிற்கும் பகுதி வெதுவெதுப்பில் இருக்கிறது. அங்கே இளகாமல் நிற்க வேண்டுமென்றால் தாவரக் கொழுப்பையும் கெட்டிப்படுத்தும் பொருளையும் கூட்டித்தான் ஆக வேண்டும். லேசாக அலை அலையாக மேலெழும்பியிருந்தால் தப்பில்லை.

நிறம் பற்றிச் சொல்லப்படுவதில் பாதிதான் உறுதியானது. புதினா ஜெலாட்டோ பச்சையாக இருந்தால் நிறமி சேர்த்திருக்க வாய்ப்பு மிக அதிகம், ஏனென்றால் புதினா எண்ணெய்க்கு நிறம் கிடையாது. புதினா இலையையே ஊற வைத்துச் செய்தாலும் மங்கலாகத்தான் வரும். வாழைப்பழம் மஞ்சளாக இருக்கக் கூடாது, லேசான சாம்பல் கலந்த வெள்ளையாக இருக்க வேண்டும். எலுமிச்சை வெள்ளை. நீல நிறத்தில் 'பூஃபோ' என்று ஒன்று இருக்கும், அது குழந்தைகளுக்கானது. நல்ல கடையிலும் சில சமயம் இருக்கும், அதை வைத்துக் கடையைத் தள்ளிவிடாதீர்கள். பிஸ்தாவில்தான் குழப்பம். வறுத்த பிஸ்தா அரைத்தால் பழுப்பு கலந்த மந்தமான பச்சை வரும், ஆகவே பளிச்சென்ற பச்சை என்றால் சாயம் என்பது பொதுவாகச் சரி. ஆனால் சிசிலியின் புரோந்தே ஊர்ப் பிஸ்தாவைத் தோல் நீக்கி, அதிகம் வறுக்காமல் அரைத்தால் இயற்கையாகவே நல்ல பச்சை வரும். சாயம் போட்டு வேண்டுமென்றே மந்தப் பச்சையாகச் செய்பவர்களும் உண்டு, வாடிக்கையாளர்கள் அந்த நிறத்தைத் தேடுகிறார்கள் என்று அவர்களுக்கும் தெரியுமே. புரோந்தேயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் அறுவடை, விளைச்சலும் சிறியது. இத்தாலியில் 'புரோந்தே பிஸ்தா' என்று எழுதியிருக்கும் கடைகள் எல்லாவற்றுக்கும் அது போதவே போதாது.

மூடி போட்ட எஃகுக் குழிகளில், பொத்சேத்தி என்பார்கள், வைத்து விற்பதை நல்ல கடையின் அடையாளமாகச் சொல்கிறார்கள். இதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். வெளிச்சமும் காற்றும் படாமல், குளிர் ஏறி இறங்காமல் ஜெலாட்டோ இருக்க அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம், பொடிக் கலவையையும் அதற்குள் வைக்கலாம். மூடிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வெளியே நின்று யாராலும் சொல்ல முடியாது, என்னாலும்தான்.

மூடியைவிட எண்ணிக்கை அதிகம் சொல்லும். ஒரு வகை கடைய பத்து நிமிடம், நடுவில் கழுவ வேண்டும். இரண்டு பேர் வேலை செய்யும் கடையில் நாற்பது வகை இருந்தால், தினமும் புதிதாகக் கடைய ஏழெட்டு மணி நேரம் அதற்கே போய்விடும். ஆகவே ஒன்று அவை பல நாள் பழையவை, அல்லது ஒரே வெள்ளைக் கலவையில் விதவிதமான சுவை பேஸ்ட்டைக் கலக்கிறார்கள். சின்னக் கடைக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வகை நியாயமான அளவு.

இனி, முட்டை சாப்பிடாதவர் என்பதால் உங்களுக்கு இரட்டிப்பாகப் பயன்படும் விஷயம். பொதி செய்யாமல் விற்கும் ஜெலாட்டோவுக்கும் சேர்மானப் பட்டியல் கடையில் இருந்தாக வேண்டும். ஒரே அட்டையாகச் சுவரில் மாட்டியிருப்பார்கள், அல்லது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பாக இருக்கும். முட்டை, பால், கொட்டைகள் உட்பட 14 ஒவ்வாமைப் பொருட்களைக் குறிப்பிடுவது ஐரோப்பியச் சட்டப்படி கட்டாயம். 'போஸ்ஸோ வெதேரே இல் லீப்ரோ தெல்யி இங்கிரெதியென்தி?' என்று கேளுங்கள், சேர்மானப் புத்தகத்தைப் பார்க்கலாமா என்று அர்த்தம். நல்ல கடையில் அலட்டிக்கொள்ளாமல் எடுத்துத் தருவார்கள், சில பேர் சந்தோஷமாகப் பேசவே ஆரம்பித்துவிடுவார்கள். பட்டியலில் பால், கிரீம், சர்க்கரை என்று தொடங்குகிறதா, அல்லது 'க்ராஸ்ஸி வெஜெத்தாலி', சுத்திகரித்த தேங்காய் எண்ணெய், 'அரோமி', 'கொலொரான்தி' என்று போகிறதா என்று பாருங்கள். தாவரக் கொழுப்பு, வாசனைப் பொருள், நிறமி மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு அந்தக் கடை வேண்டாம்.

முட்டையைப் பொறுத்தவரை, கடைகளில் இரண்டு அடிப்படைக் கலவைகள் இருக்கும். வெள்ளைக் கலவையில் முட்டை இல்லை, மஞ்சள் கலவையில் மஞ்சள் கரு உண்டு. ஃபியோர் தி லாத்தே (வெறும் பால் சுவை), ஸ்த்ராச்சதெல்லா (அதிலேயே சாக்லேட் சீவல் கலந்தது) வழக்கமாக வெள்ளைக் கலவை. க்ரேமா (மஞ்சள் கரு கஸ்டர்டு), சபையோனே (மஞ்சள் கருவும் இனிப்பு ஒயினும்), சுப்பா இங்கிலேசே (மதுவில் நனைத்த கேக்கும் கஸ்டர்டும்) எல்லாம் முட்டை. பொலோன்யாவில் க்ரேமாதான் ஊரின் பெருமை, பல கடைகளின் பெயரே 'க்ரெமெரியா' என்றுதான் இருக்கும். அதைத்தான் நீங்கள் விட வேண்டியிருக்கிறது. ஹேசல்நட்டும் சாக்லேட்டும் கடைக்குக் கடை மாறும், அதனால் 'செ லுவோவோ?', முட்டை இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். பழ வகைகள் பெரும்பாலும் தண்ணீரில் செய்தவை, பால்கூட இருக்காது. சைவம் என்றால் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 'ஜெலாத்தீனா' என்றால் விலங்கு எலும்பு, தோலிலிருந்து வருவது. மாடு, பன்றி ஜெலட்டின் அந்த 14-ல் வராது, ஒவ்வாமை அட்டவணையை மட்டும் பார்த்தால் தெரியாமல் போய்விடும். சிவப்பு வகைகளில் ஈ120 என்று இருந்தால் அது பூச்சியிலிருந்து எடுக்கும் நிறமி. சுப்பா இங்கிலேசேயில் ஊற்றும் அல்கேர்மெஸ் என்ற சிவப்பு மதுவுக்குக்கூட மரபாக அதுதான் நிறம் தருகிறது. பல வகைகளை ஒரே கரண்டியால் எடுப்பதும் உண்டு என்பதால், முட்டை துளியும் படக் கூடாது என்ற உறுதியை எந்தக் கடையிலும் எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்கு அது ஒவ்வாமை என்றால் இந்தப் பதிலை வைத்து முடிவெடுக்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் கெட்ட கடைகளைக் கழிக்கத்தான் உதவும். நல்ல கடை எது என்பதை வாய்தான் சொல்ல வேண்டும். முதல் தடவை ஃபியோர் தி லாத்தேயும் ஹேசல்நட்டும் வாங்குங்கள். ஃபியோர் தி லாத்தேயில் பால், கிரீம், சர்க்கரை தவிர ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. வெனிலா வாசனை வந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஹேசல்நட்டில் வறுத்த வாசனை முதலில் வந்து, விழுங்கிய பிறகும் நிற்க வேண்டும். பீமோந்தே மாநிலத்துக் கொட்டைக்குத் தனி மதிப்பு உண்டு, ஆனால் போன வருஷத்து எண்ணெய்ச் சிக்கு இருந்தால் அந்தப் பெயருக்கு என்ன பயன்? நாக்கில் நறநறவென்று ஐஸ் துகள் பட்டால் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. நுண்மணல் மாதிரி இருந்தால் பால்பொடி கூடிவிட்டது. மெல்ல வேண்டியிருந்தால் கெட்டிப்படுத்தும் பொருள் கூடிவிட்டது. கடைசிக் கரண்டியைக் கப்பிலேயே விட்டுவிட்டுக் கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். கெட்டியான பால் மாதிரி வழவழவென்று உருகியிருந்தால் நல்லது. நுரை மாதிரி உருவம் கலையாமல் நின்றால் அதில் இருப்பது காற்றும் கொழுப்பும். கையில் வாங்கும்போதே கனம் பாருங்கள்: நல்ல ஜெலாட்டோ லிட்டருக்கு 800 கிராமுக்குக் குறையாது, காற்றடித்த தொழிற்சாலை ஐஸ்கிரீம் 500 கிராம்கூட இருக்கலாம்.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தையும் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் காரோப் விதை மாவு, குவார் பிசின் என்று பார்த்ததும் 'ரசாயனம்' என்று ஓடாதீர்கள். இரண்டும் விதையிலிருந்து வருபவை, கிலோவுக்குச் சில கிராம்தான் போடுவார்கள், தண்ணீரைப் பிடித்து வைத்து ஐஸ் துகள் வளராமல் தடுக்கின்றன. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் போட்டார். உறைய வைத்த பழமும் குற்றமில்லை. ஜூனில் பழுத்த ஸ்ட்ராபெரியை அன்றே உறைய வைத்து அக்டோபரில் பயன்படுத்துவது, குளிர்காலத்தில் எங்கிருந்தோ வரும் புளிப்புப் பழத்தைவிட நல்லது.

இனி உங்கள் பகுதி. பொலோன்யீனா பழைய தொழிலாளர் குடியிருப்பு, இன்று பல நாட்டு மக்களும் கலந்து வாழும் இடம். சுற்றுலாப் பயணிகள் அதிகம் வருவதில்லை, அது உங்களுக்கு நல்லது. மத்தெயோத்தி தெருவிலும் பியாத்சா தெல்லூனித்தா சதுக்கத்தைச் சுற்றியும் நடந்து பாருங்கள். மாலை ஐந்து மணிக்குப் பள்ளி விட்ட பிள்ளைகளுடன் பாட்டிமார் நிற்கும் கடை எது என்று கவனியுங்கள். அதைவிட முக்கியம் ஞாயிறு மதியம். விருந்துக்குப் போகும்போது அரைக் கிலோ, ஒரு கிலோ டப்பாவில் ஜெலாட்டோ வாங்கிக்கொண்டு போவது அங்கே பழக்கம். ஞாயிறு பன்னிரண்டரை மணிக்கு டப்பாவுக்காக அக்கம்பக்கத்தார் வரிசை நிற்கும் கடையை நம்பலாம். மாமியார் வீட்டு மேசையில் வைக்க யாரும் மோசமானதை வாங்க மாட்டார்கள். இதற்குப் புள்ளிவிவரம் என்னிடம் இல்லை, நான்கு ஆண்டுகள் அந்த டப்பாக்களை நிரப்பிய அனுபவம்தான். ஆனால் என்னை இது கைவிட்டதில்லை. நகர மையச் சதுக்கத்தில் நிற்கும் நீள வரிசையை நான் அந்த அளவுக்கு நம்ப மாட்டேன், பல சமயம் ஒரு வரிசையைப் பார்த்துத்தான் இன்னொருவர் நிற்கிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் அல்லவா? அதற்கு ஒரு நாள் ரயில் பாதை மேம்பாலத்தைக் கடந்து நகர மையத்துக்கு நடந்து போங்கள். கஸ்தில்யோனே தெருவில் லா சொர்பெத்தேரியா, சாந்தோ ஸ்தேஃபனோ தெருவில் க்ரெமெரியா சாந்தோ ஸ்தேஃபனோ, இரண்டையும் நான் அங்கிருந்த ஆண்டுகளில் விருப்பத்தோடு சாப்பிட்டேன். செய்பவர் மாறினால் கடையும் மாறிவிடும், அதனால் இதையும் உங்கள் நாக்கால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவையை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து உங்கள் தெருக் கடையில் அதே இரண்டு வகையை வாங்குங்கள். பல கடைகளில் முதலில் கல்லாவில் பணம் கட்டி, ரசீதைக் காட்டித்தான் வகையைச் சொல்ல வேண்டும்.

செப்டம்பரில் போவதும் நல்லதாகப் போயிற்று. ஆகஸ்டில் குடும்பமாக நடத்தும் கடைகள் விடுமுறை என்று அட்டை மாட்டிவிட்டுப் போய்விடும், செப்டம்பரில் திறந்திருப்பார்கள். அத்திப்பழமும் திராட்சையும் வரும் நேரம் அது. பகல் பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில், கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய், 'கொஸா அவேத்தே ஃபாத்தோ ஓஜ்ஜி?', இன்று என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அத்தி இன்று காலைதான் கடைந்தது, பிஸ்தா நேற்றையது என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒருவர் அங்கே நின்றால், அன்று அத்தியை வாங்கிக்கொள்ளுங்கள். நவம்பரில் கடையை மூடுவாரா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்; மூடவில்லை என்றால் செஸ்ட்நட்டும் காக்கி (பெர்சிமன்) பழமும் வரும், இரண்டிலும் பெரும்பாலும் முட்டை இருக்காது.